நாலு சக்கரமும் இழுக்கணுமா?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கம் பக்கம் வாழை வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி மழையில் தோட்டத்துத் தடம் எப்படி வழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக ஜிம்னி வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

2023-ல் வந்த ஐந்து கதவு வண்டி நாலு மீட்டருக்குள் அடங்கும். தரை இடைவெளி 210 மி.மீ. சேற்றுக்கு நல்ல வண்டிதான். ஆனால் பின்னால் சாமான் வைக்க 208 லிட்டர் இடம்தான். மண்புழு உரம் ரெண்டு மூட்டையோடு சரி.

நாலு சக்கர இழுவையை நாமே லீவர் போட்டுச் சேர்க்கணும். காய்ந்த தார் ரோட்டில் அப்படியே ஓட்டாதீங்க. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடணும்; அதற்கு வழியில்லாமல் உள்பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். காந்தி மார்க்கெட்டுக்குப் போக ரெண்டு சக்கர இழுவையே போதும்.

வருஷத்தில் பத்து நாள் சேற்றுக்காக மட்டும் என்றால், முதலில் இருக்கிற வண்டியின் டயர் பட்டனைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் நாலு சக்கரமும் சேர்ந்து சும்மாதான் சுற்றும்.