உயிரணு இணைவு: சுவர் எடுத்த இரண்டு வீடுகள்

மாணவர்களே, "இரண்டு உயிரணுக்கள் சேர்ந்தன" என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும். ஒட்டி நிற்பதும் சேர்வதுதானே! வீவக ஜம்போ வீட்டைப் பார்த்திருப்பீங்க. அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்து ஒரே வீடாக்கியிருப்பாங்க. அதேபோல இரண்டு உயிரணுக்களின் சவ்வும் ஒன்றாகி, உள்ளே இருப்பதெல்லாம் பொதுவாகிவிடும். அதுதான் இணைவு.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: தமிழ்நாட்டுப் பாடநூலில் 'செல்', இலங்கையில் 'கலம்', நம்மிடம் 'உயிரணு'. இணையத்தில் தேடும் மாணவர் குழம்பாமலிருக்க மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

நம் உடலில் இது இயல்பாகவே நடக்கிறது. விந்தணுவும் கருமுட்டையும் இணைந்துதான் நாம் உருவானோம். கைகால் தசையிழை ஒவ்வொன்றும் பல உயிரணுக்கள் இணைந்த நீண்ட இழை. ஒரே இழைக்குள் பல உட்கருக்கள் இருப்பது அதனால்தான்.

ஆனால் கிருமிகளுக்கும் இந்த வித்தை தெரியும். மலேசியாவில் 1998இல் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடம் மூளைக்காய்ச்சல் பரவியபோது, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தும், தடுப்பூசி போட்டும் மரணங்கள் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார். அங்கே உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிய திட்டுகளாகிக் கிடந்தன. இது வேறு கிருமி என்பதற்கு அது முக்கியத் தடயம். நிப்பா என்று பெயர் பெற்ற அந்தக் கிருமி அதே மாதம் சிங்கப்பூரிலும் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேரைத் தொற்றியது, ஒருவர் இறந்தார்.

இந்த அழிவுவேலையை ஆய்வாளர்கள் ஏற்கெனவே கருவியாக்கியிருந்தார்கள். நிப்பாவின் உறவுக்கிருமியான செண்டாய், உயிரணுக்களை இணைக்கும் என்று ஒசாகாவின் யோஷியோ ஒகாடா 1957இல் காட்டினார். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும், செயலிழக்கச் செய்த செண்டாயைக் கொண்டு எலியின் இரண்டு உயிரணுக்களை இணைத்தார்கள். ஒன்று மண்ணீரலிலிருந்து வந்தது. எதிர்ப்பொருள் செய்யத் தெரியும், ஆனால் தட்டில் சில நாளில் செத்துவிடும். மற்றொன்று புற்று உயிரணு. பெருகிக்கொண்டே இருக்கும், ஆனால் அந்த எதிர்ப்பொருளைச் செய்யத் தெரியாது.

இணையாதவற்றை எப்படி ஒதுக்குவது? அங்கேதான் கெட்டிக்காரத்தனம். புற்று உயிரணு தாங்க முடியாத ஊட்டக்கரைசலில் எல்லாவற்றையும் விட்டார்கள். அதில் புற்று உயிரணு செத்தது. மண்ணீரல் உயிரணு தானாகவே செத்தது. இணைந்தவை மட்டும் பிழைத்தன. ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு தரும் ஊற்று கிடைத்துவிட்டது. 1984இல் இருவருக்கும் நோபெல் பரிசு, ஜெர்னேயுடன் பகிர்ந்து.

சாங்கியில் விமானம் ஏறுமுன் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த ஏஆர்டி கருவி ஞாபகம் இருக்கா? அதில் தெரியும் கோட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இவ்வகை எதிர்ப்பொருள்தான்.

வகுப்பில் கேட்க ஒரு கேள்வி: செயலிழந்த செண்டாய் எப்படி உயிரணுக்களை இணைத்தது? இணைக்கும் புரதம் கிருமியின் வெளியுறையில் இருக்கிறது. புறஊதாக் கதிர் உள்ளே இருக்கும் மரபுப்பொருளைக் கெடுத்துப் பெருக விடாமல் செய்தாலும், உறையின் புரதம் தன் வேலையைச் செய்யும்.