கருவி நம்முடையது, சாவி யாருடையது?

ஐஸ்கிரீம் ஃப்ரீசரில் குளிர் குறைந்தால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி, வீட்டிலிருந்தே கடை விளக்கை அணைக்கும் ஸ்விட்ச் போன்றவை இன்று நம் கடைகளுக்கும் வந்துவிட்டன. இவற்றுக்குள் நகமளவு சிப் ஒன்று உண்டு. அதை இயக்கும் நிரலே ஃபர்ம்வேர்.

தயாரிப்பாளரின் சர்வரை மட்டும் நம்பி இந்த நிரல் இயங்கினால், அவர்கள் சர்வரை நிறுத்தும் நாளில் நம் கருவியும் படுத்துவிடும். 2016 மே மாதம் அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுக் கருவிக்கு இதுவே நேர்ந்தது. காசு கொடுத்து வாங்கியவர்களிடம் வெறும் பெட்டிதான் மிஞ்சியது.

இதற்கு மாற்று, எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல நிரல். ஷாங்காயின் எஸ்பிரெஸ்ஸிஃப் நிறுவனம் தன் ஈஎஸ்பி32 சிப்புக்கு நிரல் எழுத உதவும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் கட்டமைப்பை இலவசமாகவே தருகிறது. அந்நிறுவனச் சிப்புகளில் ஏற்ற டாஸ்மோட்டா, ஈஎஸ்பிஹோம் ஆகியவையும் உண்டு. விவரம் தெரிந்த மெக்கானிக் இவற்றை ஏற்றித் தந்தால், வெளியார் சர்வர் இல்லாமல் கடை வைஃபையிலேயே கருவி இயங்கும்.

ஆனால் நிரலை மாற்றினால் உத்தரவாதம் போகலாம். அவ்வப்போது புதுப்பிப்பதும் நம் பொறுப்பாகும். மின் இணைப்புள்ள கருவியை நாமே பிரிப்பது ஆபத்து. முத்திரையிட்ட மின்னணுத் தராசில் கைவைப்பது எடையளவுச் சட்டப்படி குற்றம்.

ஆகவே வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்போம்: இணையம் இல்லாவிட்டாலும் கருவி வேலை செய்யுமா? இதில் திறந்த மூல நிரலை ஏற்ற முடியுமா? பதிலைக் கேட்டபின் பணத்தை எண்ணுவோம்.