வெளிச்சம் பட்டா... கிருமி அவுட்!

காலையில் பிரஷ் எடுக்கிறதுக்கு முன்னாடி நாக்கால பல்லைத் தடவிப் பாருங்க. வழவழன்னு ஒரு படலம் இருக்கும். உங்க கிளாஸ்ல கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து ஃப்ரெண்ட் இருந்தா கேளுங்க. கடல்ல கிடக்கிற படகோட அடியிலும் இதே வழவழப்புதான் முதல்ல படியும். ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான்... பயோஃபிலிம்!

பாக்டீரியா தனியா திரியும்போது ஆன்டிபயாடிக்குக்குச் சுலபமா மாட்டிக்கும். ஒரு பரப்பில் ஒட்டி, பசையைச் சுரந்து, உள்ளே காலனி கட்டிட்டா கதையே வேற. அதை ஒழிக்க 1000 மடங்கு வரை அதிக மருந்து தேவைப்படலாம். ஆஸ்பத்திரியில் யூரின் ட்யூப் போட்டவங்களுக்குக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வர இதுவும் முக்கியக் காரணம்.

இதுக்கு ஒரு வழியைத் தொடங்கி வெச்சது உங்களை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்! 1900-ம் வருஷ வாக்கில், ஜெர்மனியின் மியூனிக். மருத்துவ மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயத்தில் பாரமீசியத்தை விட்டுப் பார்த்தார். ஒருநாள் சீக்கிரம் செத்தது, இன்னொரு நாள் பிழைச்சுக் கிடந்தது. 'சோதனை சொதப்பல்'னு விடாம துருவினார். காரணம், வெளிச்சம்!

சாயம் ஒளியை உறிஞ்சி, அந்தச் சக்தியை ஆக்சிஜனுக்குக் கொடுக்குது. வெறிபிடிச்ச அந்த ஆக்சிஜன் கிருமியின் சவ்வு, புரதம், டி.என்.ஏ. எல்லாத்தையும் ஒரே நேரத்தில் தாக்குது. அதனால எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கிறது கிருமிக்கு லேசுப்பட்ட காரியமில்லை.

லேப்ல நீங்க ஸ்லைடில் ஊத்துற மெத்திலீன் புளூவும் இந்த வேலையைச் செய்யும். அதோடு கிரிஸ்டல் வயலட்டையும் தங்க நானோ துகள்களையும் சிலிக்கோன் பாலிமரில் ஏற்றி, தானே கிருமி கொல்லும் பரப்பை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் டீம் 2014-ல் காட்டியது. யூரின் ட்யூப் செய்றதும் சிலிக்கோன்லதானே!

நம்ம ஊரும் சும்மா இல்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், டைட்டானியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்த்து, அதில் ஒளி பட்டால் பாக்டீரியா ஒட்டுவது குறையுதுன்னு 2004-ல் வெளியிட்டாங்க. கடல்நீர் ஓடும் குழாய்களுக்கான யோசனை அது.

சிக்கலும் இருக்கு. உடம்புக்குள்ளே ட்யூப் இருக்கிற இடம் இருட்டு. தடிமனான படலத்துக்குள் ஒளி முழுசா போகாது. சாயமும் நாளாக நாளாக வெளுத்துடும்.

பசை மைக்ரோபயாலஜி, சாயம் கெமிஸ்ட்ரி, ஒளி பிசிக்ஸ். மூணு டிபார்ட்மென்டும் ஒரே டேபிள்ல உட்கார்ந்தாதான் விடை கிடைக்கும். புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறீங்களா? கேன்டீன்ல பக்கத்து டிபார்ட்மென்ட் பெஞ்சுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க பாஸ்!