உயரத்தின் இலக்கணம் – 11: ஏற்றமரமும் ஈரநிலமும்

மின்கம்பத்தில் கைவைக்கும் முன் லைன் கிளியர் பெறுவதும், ஏபி சுவிட்சைத் திறந்து பூட்டுவதும், டிஸ்சார்ஜ் ராடு மாட்டிக் கம்பியை மண்ணோடு இணைப்பதும் சென்ற வாரமே சொல்லியாயிற்று. தொடரை விடாமல் வாசிப்போருக்கு அவற்றை மீண்டும் விரிப்பது வீண்வேலை. இந்த வாரம் லிஃப்ட் வண்டிக் கூடையின் மின்காப்பைப் பற்றி, அதாவது கண்ணாடி இழையால் செய்த கையும் கூடையும் மின்சாரத்தை எந்த அளவுக்குத் தடுக்கும் என்பதைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்கு முன் அந்த வண்டி எதன்மேல் நிற்கிறது என்பதை ஒரே பத்தியில் சொல்லிக் கடந்துவிடலாம் என்பதே திட்டம். ஆனால் காவிரிப் படுகையில் அது ஒரு பத்திக்குள் அடங்கும் செய்தியாக இல்லை.

நகராட்சிகளில் தெருவிளக்கு மாற்ற வரும் வண்டியை ஊரார் ஏணி வண்டி என்பார்கள், ஸ்கை லிஃப்ட் என்பார்கள். பெயர் எதுவாயினும், வண்டியின் முதுகில் எண்ணெய் அழுத்தத்தால் நீளும் ஒரு கை, அந்தக் கையின் நுனியில் ஓரிருவர் நிற்கும் கூடை, வண்டி சாயாமல் பக்கவாட்டில் ஊன்றிக்கொள்ள அவுட்ரிகர் எனப்படும் தாங்குகால்கள் ஆகியவையே அதன் உறுப்புகள். மேலைநாடுகளில் இதற்கு வழங்கும் பேச்சுப்பெயர் செர்ரி பிக்கர், அதாவது செர்ரிப் பழம் பறிப்பது. மின்வேலைக்கு வருவதற்கு முன் இது வட அமெரிக்கப் பழத்தோட்டக்காரர்களின் தேவையோடு ஒட்டி வளர்ந்த கருவி என்பதை அப்பெயர் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. தென்னந்தோப்புகள் நிறைந்த பட்டுக்கோட்டைப் பகுதியில் இந்தச் செய்தியைச் சொன்னால் எவரும் வியக்கப்போவதில்லை.

ஆயினும் இந்தக் கருவியின் உண்மையான மூதாதை பழத்தோட்டத்தில் இல்லை என்றும், நம் கிணற்றுமேட்டில்தான் இருக்கிறது என்றும் சொல்ல இடமுண்டு. வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு நிலங்களுக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் பம்புசெட் வரும்வரை துணையாக இருந்த ஏற்றம், ஊன்றிய ஏற்றக்காலின்மேல் அச்சில் பொருத்திய துலா எனும் நீண்ட மரத்தையும், அதன் ஒரு நுனியில் மூங்கிற்கழியால் தொங்கவிட்ட சால் எனும் நீர் இறைக்கும் கலத்தையும் கொண்டது. துலாவின்மேல் ஓரிருவர் முன்னும் பின்னுமாக நடக்க, அவர்கள் அச்சைத் தாண்டிக் கிணற்றுப்பக்கம் வரும்போது சால் நீருக்குள் இறங்கும், மறுபக்கம் போகும்போது நிறைந்து மேலெழும். ஆங்கிலேயர் தம் ஆவணங்களில் இதைப் போர்த்துகீசியச் சொல்வழி வந்த பிக்கோட்டா என்ற பெயரால் குறித்தனர். தமிழ்ப் பெயர் கண்ணெதிரே இருக்க, அந்தச் சுற்றுவழி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

துலாவில் நடந்தவர் எந்தப் பள்ளியிலும் நெம்புகோலின் விதியைப் படித்தவரல்லர். ஆனால் 60 கிலோ எடையுள்ள தாம் அச்சிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், நான்கு மீட்டர் தொலைவிலிருக்கும் 30 கிலோச் சுமைக்குச் சமமாகிறோம் என்பது அவருடைய பாதங்களுக்குத் தெரிந்திருந்தது. கிணற்றருகே நின்று சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பவரும் மேலே நடப்பவரும் ஒருவர் அசைவை ஒருவர் அறியாமல் வேலை செய்ய முடியாது என்பதால், இறைத்த சால்களின் எண்ணிக்கையைப் பாட்டோடு கோத்த ஏற்றப்பாட்டு, களைப்பைப் போக்கியதோடு இருவரையும் ஒரே தாளத்தில் கட்டியும் வைத்தது. கூடையில் நிற்பவருக்கும் கீழே கட்டுப்பாட்டருகே நிற்பவருக்கும் இடையே முன்கூட்டியே பேசிவைத்த சைகையும் குரலும் வேண்டும் என்று இன்றைய பயிற்சிக் கையேடுகள் விதிப்பது இதே தேவையைத்தான். மேலே இருப்பவர் மயங்கினாலோ எஞ்சின் நின்றுபோனாலோ கூடையைக் கீழேயிருந்து இறக்கத் தெரிந்த ஒருவர் தரையில் நிற்காத வண்டியில் கூடையை உயர்த்தவே கூடாது.

லிஃப்ட் வண்டியும் ஒரு துலாதான். அதன் அச்சு மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கத்துத் தாங்குகால்கள் இரண்டையும் இணைத்து மனத்தால் ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோடே வண்டி கவிழ்வதற்கான அச்சு. அதற்கு இந்தப் பக்கம் வண்டியின் எடை, அந்தப் பக்கம் கையும் கூடையும் ஆட்களும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்காக, 5 டன் எடையுள்ள வண்டியின் எடைமையம் அக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே இருப்பதாகக் கொண்டால், அதன் பிடிமானம் 7,500 கிலோ-மீட்டர். கோட்டுக்கு வெளியே 8 மீட்டரில் ஆட்களும் கருவிகளுமாக 200 கிலோவும், 4 மீட்டரில் 600 கிலோக் கையின் எடைமையமும் இருந்தால் கவிழ்க்கும் விசை 4,000. வண்டி அசையாது. அதே வண்டியில் தாங்குகாலை நீட்டச் சோம்பி, முக்கால் மீட்டர் தள்ளியிருக்கும் சக்கரத்தையே நம்பினால், பிடிமானம் 3,750 ஆகச் சுருங்கி, கூடையும் கையும் முக்கால் மீட்டர் கூடுதலாக வெளியே போய்விடுவதால் கவிழ்க்கும் விசை 4,600 ஆகிவிடுகிறது. ஆளும் மாறவில்லை, கூடையும் மாறவில்லை. கால் நீட்டாத ஒரே பிழையில் வண்டி கவிழ்கிறது. புதியவர்கள் உயரத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியது பக்கவாட்டு வீச்சுக்கு. இந்த ஒன்றைப் பாடத்தின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கால் நீட்டினால் மட்டும் போதுமா என்றால், தஞ்சைத் தரணியில் சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒருவழி ஊரகச் சாலையின் வழக்கமான தார்ப்பரப்பு 3.75 மீட்டர், அதன் ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் வயலுமாக இருக்க, வரும் பேருந்துக்கு வழிவிட வண்டியை ஓரம் கட்டியதும், ஒரு பக்கத்துத் தாங்குகால்கள் தாரை விட்டு மண்தோளில் போய் ஊன்றுகின்றன. பழைய டெல்டாவின் பெரும்பகுதி, மண்ணாய்வாளர்கள் களத்தூர் வகை, ஆடனூர் வகை என்று பெயரிட்ட களிமண் பூமி. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்து, மழையில் பிசைந்த மாவாகும் இயல்புடையது. கல்லணைக் கால்வாய், ஊர்வழக்கில் புது ஆறு, பாயும் மதுக்கூர், பட்டுக்கோட்டைப் பக்கத்து மண் மணற்பாங்கானது என்பதால் அங்கே நிலைமை வேறு. ஒரே கோட்டத்தில் பணிபுரியும் ஒரே ஓட்டுநர் காலையில் ஒரு மண்ணிலும் மாலையில் மற்றொரு மண்ணிலும் கால் ஊன்ற நேரும் என்பதைப் பாடத்திட்டம் எழுதுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி ஒரு வகுத்தல் கணக்கு. கை ஒரு மூலைப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடையில் பெரும்பங்கு அந்த மூலைக்காலுக்குப் போய்ச் சேர்கிறது. அது 4 டன் என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் சதுரமான இரும்புப் பாதத்தின் கீழ் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 44 டன் அழுத்தம் உண்டாகிறது. மென்களிமண்ணின் தாங்குதிறனைக் கட்டுமானக் கையேடுகள் சதுர மீட்டருக்கு ஏழரை டன்னுக்கும் குறைவாகவே வைக்கின்றன. பாதத்தின் அடியில் 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை வைத்தால் அழுத்தம் 11 டன்னாக இறங்கும், அதுவும் போதாது. ஒரு மீட்டர் சதுரமுள்ள, வளையாத தடித்த பலகை வைத்தால் 4 டன்னுக்கு வந்துவிடும். உழவர் இதை வேறு வடிவில் அறிவர்: சேற்றுழவுக்குப் போகும் டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவதில், சேற்றில் பிடிமானம் தேடுவதோடு, எடையைப் பரப்பும் கணக்கும் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டியோடு நான்கு பலகைகளை ஏற்றிச் செல்லாததற்கு எந்தச் சமாதானமும் ஏற்புடையதன்று.

வாய்க்கால் கரையில் நிற்கும்போது மற்றொரு விதி சேர்ந்துகொள்கிறது. கரையின் விளிம்பிலிருந்து தாங்குகால் குறைந்தது பள்ளத்தின் ஆழத்தளவும், மண் இளகியிருந்தால் அதன் இருமடங்கும் தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கற்பிக்கப்படும் அளவு. இரண்டு மீட்டர் ஆழ வாய்க்காலுக்கு ஐப்பசி மழையில் நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சாலையே நான்கு மீட்டர் இல்லாத இடத்தில் இதன் பொருள் ஒன்றுதான்: அந்தக் கம்பத்துக்கு வண்டி போகக் கூடாது.

கால் புதைவதை வண்டி கவிழும் ஆபத்தாக மட்டும் பார்ப்பது அரைப்பாடம். தாங்குகால்களுக்கிடையே மூன்று மீட்டர் அகலமுள்ள வண்டியில் ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் மட்டும் இறங்கினாலும், பத்து மீட்டர் உயரத்திலிருக்கும் கூடை 33 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடிக்கு மேல், அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். வண்டி கவிழவில்லை, யாரும் எந்த நெம்பியையும் தொடவில்லை; ஆனால் கம்பிக்கும் தோளுக்கும் இடையே விட்டிருந்த இடைவெளியில் ஓர் அடியைக் களிமண் எடுத்துக்கொண்டது. மின்காப்பைப் பற்றிய வாரத்தில் மண்ணைப் பற்றி இவ்வளவு எழுத நேர்ந்ததன் காரணம் இந்த 33 சென்டிமீட்டர்தான்.

உயரக் கணக்கில் சாலையும் கட்சி மாறக்கூடியது என்பதற்குத் தஞ்சை மாவட்டமே கொடுத்த விலை பெரிது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர்; அந்தச் சாலை அண்மையில் உயர்த்திப் போடப்பட்டிருந்தது என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்டது. சாலையைக் குறுக்கே கடக்கும் 11 கிலோவோல்ட் கம்பி குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை; ஆனால் அந்த அளவு தரையிலிருந்து எடுக்கப்படுவது, தரையோ ஒவ்வொரு தார்ப்பூச்சுக்கும் மேலே வருகிறது. திருவாரூரில் 96 அடி ஆழித்தேர் புறப்படும் நாளுக்காக வீதிக் கம்பிகளைக் கழற்றிப் பின் மீண்டும் கட்டிய வழக்கம் இதனோடு ஒப்பிடத்தக்கது. லிஃப்ட் வண்டி ஓட்டுநருக்கு இதிலிருந்து கிடைப்பது எளிய கட்டளை: கையை முழுதும் மடக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது, மடக்கிய நிலையில் வண்டியின் உயரம் எத்தனை மீட்டர் என்பது அவர் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த ஊழியர்கள் இடுப்பளவு சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டார்கள். வயலுக்குள் எந்த வண்டியும் இறங்கியிருக்க முடியாது. சம்பா நிற்கும் காலமும் புயல் வரும் காலமும் ஒன்றாக இருக்கும்வரை, கம்பத்தில் ஏறும் பழைய கலைக்கு இங்கே ஓய்வில்லை. மின்வாரியம் கேங்மேன் பணிக்கு வைத்த உடற்தகுதித் தேர்வில் கம்பமேற்றம் இடம்பெற்றது அதனால்தான். லிஃப்ட் வண்டி அந்தக் கலையை அகற்ற வந்ததன்று, தார்ச்சாலையோரக் கம்பங்களிலும் தெருவிளக்குகளிலும் மட்டும் அதன் சுமையைக் குறைக்க வந்தது.

உலக அளவில் இப்பயிற்சிக்கு வடிவம் உண்டு: ஐஎஸ்ஓ 18878 என்ற தரம் இயக்குநருக்கு என்னென்ன கற்பிக்க வேண்டும் என்று வகுக்கிறது, 1983-இல் தோன்றிய ஐபாஃப் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு தேர்ச்சி பெற்றவர்க்கு ஐந்தாண்டு செல்லுபடியாகும் ‘பால்’ (PAL) எனும் தேர்ச்சி அட்டையை வழங்குகிறது. தாங்குகால் ஊன்றி நின்ற இடத்தில் வேலை செய்யும் வகைக்கும், கூடை உயர்ந்த நிலையிலேயே நகரும் வகைக்கும் அங்கே தனித்தனித் தேர்வு. இரண்டாம் வகையில் ஒரு சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினாலும் நீண்ட கை வில்லாக வளைந்து நிமிர்ந்து, கூடையில் நிற்பவரைக் கவண்கல்லைப்போல் எறியும் என்பதால், உடல்முழுப் பட்டையின் குட்டைக் கயிறு கூடைக்குள் இருக்கும் கொக்கியில்தான் மாட்டப்பட வேண்டும், பக்கத்துக் கம்பத்தில் மாட்டக் கூடாது. கனரக வாகன உரிமம் வண்டியை ஓட்ட மட்டுமே சான்று. கம்பியாளர் தகுதிச் சான்று மின்வேலைக்கு மட்டுமே சான்று. கூடையை இயக்குவது இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது திறன். வண்டி வந்திறங்கும் நாளில் விற்பனையாளர் அரைமணி நேரம் காட்டும் செயல்விளக்கத்தைப் பயிற்சி என்று பதிவேட்டில் எழுதுவது பொய்க்கணக்கு. தென்னை மரம் ஏறுவோருக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் பயிற்சித் திட்டம் வகுத்த நாட்டில், கூடையில் ஏறுவோருக்கு அதைவிடக் குறைவாகக் கேட்பது நியாயமன்று.

கண்ணாடி இழைக் கையின் மின்காப்பும், ஈரமும் தூசும் அதைத் தின்னும் விதமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. இம்முறை வாக்குத் தவறாது. அதற்குள் தம் தெருவுக்கு விளக்கு மாற்றும் வண்டி வரக்கண்ட வாசகர், கூடையை அண்ணாந்து பார்க்கும் முன், அதன் தாங்குகால்களுக்கு அடியில் பலகை இருக்கிறதா என்று குனிந்து பார்த்து வைக்கவும்.