மூடிய அறையில் கணப்பும் ஈரமும்

மும்பையில் குளிர் ஏது என்று கேட்போர் உண்டு. 1962-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் சாந்தாகுரூஸில் வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அத்தகைய குளிர் அபூர்வமே. ஆயினும் தாணே கடற்கழியை அடுத்த மான்குர்த்தில், தகரக் கூரையின் கீழ் வசிப்போர் சாதாரண ஜனவரி இரவிலேயே கதவு, சன்னல்களை அடைத்துவிடுகின்றனர். விடியற்காலையில் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. மழையும் இல்லை, கூரையில் ஓட்டையும் இல்லை.

அந்நீர் அறைக்குள்ளேயே பிறந்தது. உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். ஐவர் உறங்கும் அறையை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியை ஏந்தும். 15 டிகிரியில் 13 கிராம்தான். தெளிந்த வானத்தின் கீழ்த் தகரம் தன் வெப்பத்தை விரைவில் இழந்து, சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்துவிடுகிறது. அதைத் தொடும் காற்று, ஏந்த முடியாத நீரை அங்கேயே விட்டுவிடுகிறது.

அடுப்பை எரியவிட்டால் ஈரம் உலராதா எனலாம். உலராது. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீர் ஆவியாக உண்டாகிறது. மண்ணெண்ணெயும் இவ்வாறே. அடுப்பு அணைந்து அறை குளிர்ந்ததும் அவ்வளவும் சுவரிலும் துணியிலும் படியும்.

கரியடுப்பின் கதை வேறு. கரி எரிகையில் நீராவி மிகக் குறைவு. சுவரும் உலர்ந்தே இருக்கும். அதனாலேயே அதை நம்புகின்றனர். ஆனால் கனலும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே அது கொன்றுவிடும். டில்லி முதலிய வட நகரங்களில் அங்கீட்டியை உள்ளே வைத்து உறங்கியோர் மாண்ட செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. சன்னலைச் சிறிது திறந்து வைத்தேன் என்பதும் போதிய காப்பன்று. படுக்குமுன் கரியடுப்பை வெளியே வைத்துவிட வேண்டும். கனல் தணிந்ததென்று எண்ணி மீண்டும் உள்ளே கொணர்தல் ஆகாது.

குளிருக்குக் கம்பளியே மேல். கூரையை ஒட்டி ஒரு திறப்பும், எதிர்ச்சுவரில் தாழ ஒரு திறப்பும் கையகலத்துக்கு இருந்தால் ஈரக்காற்று வெளியேறும். வெந்நீர்ப் பானையை மூடிக் காய்ச்சுவதும், ஈரத்துணியை அறைக்கு வெளியே உலர்த்துவதும் நலம். குளிர்காலப் பகற்காற்று வறண்டிருப்பதால், நண்பகலில் கதவைத் திறந்து பாயைச் சற்று வெயிலில் போடலாம். நெருங்கி நிற்கும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தாருக்கு அந்த வெயிலே அரிது. அது கட்டியவர் குறை, குடியிருப்பவர் குறையன்று.

மழைக்காலத்துக்கு இவ்வுபாயம் முழுதும் பொருந்தாது. அப்போது வெளிக்காற்றே ஈரம் சுமந்து வரும். சமைக்கும் வேளையில் மட்டும் திறந்துவைத்து, மற்ற நேரம் மின்விசிறியை ஓடவிடுவதே இயன்றது.