தகரப் பெட்டியில் மூன்று பதக்கங்கள்

கோலார் தங்கவயலில் ஓர் ஊர் சாம்பியன் ரீப்ஸ். அங்கே ஒரு லைன் வீடு. பெரிய மழை பெய்தது. கூரை ஒழுகியது. பரண் மேல் இருந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கினார்கள்.

பெட்டிக்குள் ஒரு துணி முடிச்சு. அதை அவிழ்த்தாள் பேத்தி. உள்ளே மூன்று பதக்கங்கள். இரண்டு நட்சத்திர வடிவம். ஒன்று வட்டமானது.

"ஆயா, இது யாருது?"

"எங்க அப்பாவுது. பட்டாளத்துக்குப் போனாரு. அப்போ நான் கைக்குழந்தை. பர்மாவுல சண்டைன்னு சொல்லுவாங்க. திரும்பி வரவே இல்லை."

"எங்கே இறந்தாரு?"

"யாருக்குத் தெரியும்? ஒரு காகிதம் வந்துச்சாம். எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படிச்சுச் சொன்னாங்க. அந்தக் காகிதமும் இப்போ இல்லை."

ஆயாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது. அப்பாவின் முகம் தெரியாது. அவர் இறந்த இடமும் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு.

எத்தனை பேர் போனார்கள்?

இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது. அப்போது நம் நாட்டை வெள்ளையர் ஆண்டார்கள். இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 87 ஆயிரம் பேர் உயிர் இழந்தார்கள்.

எல்லோரும் துப்பாக்கி பிடித்தவர்கள் அல்ல. சிலர் பாலம் கட்டினார்கள். சாலை போட்டார்கள். சிலர் லாரி ஓட்டினார்கள். சமையல் செய்தார்கள். மருத்துவமனையில் வேலை செய்தார்கள். அவர்களுக்கும் பதக்கம் உண்டு.

சுப்பிரமணியன் என்ற வீரரைப் பாருங்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். மதராஸ் சாப்பர்ஸ் படையில் சுபேதார். கண்ணிவெடிகளை அகற்றுவது இவர் வேலை. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் ஒரு கண்ணிவெடி வெடிக்க இருந்தது. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்தார். அவர் இறந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த பதக்கம் கிடைத்தது. அவர் கதை ஏட்டில் இருக்கிறது. அதனால் நமக்குத் தெரிகிறது. மற்றவர்களின் கதையை நாம்தான் தேட வேண்டும்.

பதக்கம் என்ன சொல்லும்?

நட்சத்திரப் பதக்கத்தின் நடுவில் ஒரு வளையம் இருக்கும். அதில் ஆங்கில எழுத்து இருக்கும். எந்தப் போர்க்களம் என்று அது சொல்லும். பர்மா ஸ்டார் என்றால் கிழக்கே பர்மா பக்கம் போனவர். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் வட ஆப்பிரிக்கா பக்கம் போனவர். இத்தாலி ஸ்டாரும் உண்டு.

வட்டப் பதக்கத்தில் ராஜாவின் தலை இருக்கும். மறுபக்கம் சிங்கம் இருந்தால் அது போர்ப் பதக்கம். இந்தியாவுக்குள்ளேயே மூன்று வருடம் வேலை செய்தவர்களுக்கு வேறு பதக்கம். அதன் பெயர் இந்தியா சர்வீஸ் மெடல்.

இப்போது பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். நட்சத்திரம் என்றால் பின்பக்கம் பாருங்கள். சிறிய எழுத்துகள் இருக்கலாம். படை எண், பதவி, பெயர், படைப் பிரிவு ஆகியவை அங்கே இருக்கும். படை எண் மிக முக்கியம். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். ஒரே பிரிவில் ஓர் எண்ணுக்கு ஒருவர்தான்.

பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல் போட்டும் தேய்க்காதீர்கள். எழுத்து அழிந்துவிடும். இந்தப் பதக்கங்களில் தங்கம் இல்லை. தங்கம் வெட்டிய ஊர்க்காரர்களுக்கு அது பார்த்ததும் தெரியும். விற்றால் அதிகம் கிடைக்காது. ஆனால் குடும்பத்துக்கு வேறு சாட்சி இல்லை.

வீட்டில் வேறு என்ன தேடலாம்?

டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் புத்தகம், பழைய கடிதம், சீருடையில் எடுத்த போட்டோ. எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை உடனே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். தங்கவயலுக்கு வந்தவர்களில் பலர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பட்டாளத்தில் சேரும்போது சொந்த ஊரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆகவே அந்தக் கிராமத்தின் பெயரையும் பழைய மாவட்டத்தின் பெயரையும் எழுதுங்கள்.

பெயரின் எழுத்தும் மாறும். முனுசாமி என்பதை முனிசாமி, முனுஸ்வாமி, மூனுசாமி என்று ஆங்கிலத்தில் பல விதமாக எழுதினார்கள். எல்லா விதமாகவும் தேட வேண்டும்.

எங்கே கேட்பது?

சிப்பாய்களின் பதிவேடுகளைப் படைப் பிரிவின் ஆவண அலுவலகம் வைத்திருக்கும். மதராஸ் சாப்பர்ஸ் படைக்கும் பயனியர் படைக்கும் பெங்களூரில் விசாரிக்கலாம். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். எந்தப் படை என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். போர் வீரரின் மனைவி உயிரோடு இருந்தால் அவருக்கு உதவித்தொகை உண்டா என்றும் அங்கேயே கேளுங்கள்.

போரில் இறந்தவர் என்றால் இன்னொரு வழி உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-ல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பட்டியல் அதனிடம் உள்ளது. அதில் 17 லட்சம் பெயர்கள் உள்ளன. கைபேசியிலேயே தேடலாம். காசு இல்லை.

பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்களுக்கு ரங்கூன் நினைவுச் சின்னம் இருக்கிறது. யாங்கோன் நகருக்கு வடக்கே தாவுக்கியான் என்ற இடத்தில் உள்ளது. சுமார் 27 ஆயிரம் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதில் நம் ஊர்ப் பெயர்களும் உண்டு.

கடிதம் எப்படி எழுதுவது?

பேத்தி இப்படி எழுதினாள்:

"ஐயா, என் பாட்டியின் தந்தை இரண்டாம் உலகப் போரில் வேலை செய்தவர். அவர் பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், படை எண் ஆகியவற்றைக் கீழே தந்துள்ளோம். அவர் எப்போது சேர்ந்தார், எங்கே வேலை செய்தார், எங்கே இறந்தார், அவருக்கு உரிய பதக்கங்கள் எவை என்ற விவரங்களைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

அசல் காகிதத்தை அனுப்ப வேண்டாம். நகல் போதும். பதக்கத்தையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். போட்டோ போதும். கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரத் தாமதம் ஆகலாம். சில பதிவேடுகள் கிடைக்காமலும் போகலாம். இரண்டு மாதம் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

இங்கே சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. பலர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆயாவின் மகனும் அப்படித்தான். "நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்றார் அவர்.

"ஆயா, கீழே கையெழுத்துப் போடு" என்றாள் பேத்தி.

ஆயாவின் அம்மா கைநாட்டு வைத்துத்தான் பென்ஷன் வாங்கினார். ஆயா நடு வயதில் இரவு வகுப்புக்குப் போய் எழுதக் கற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தன் பெயரை எழுதினார். பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்தையும் எழுதினார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் குடும்பத்தில் யாராவது பட்டாளத்தில் இருந்தார்களா?
2. பதக்கத்தை ஏன் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது?
3. உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய காகிதங்களை எடுத்துப் படித்திருக்கிறீர்களா?