ஃபிஃப்டீனா? ஃபிஃப்டியா?



சென்ற ஆண்டு இன்பிளான்ட் டிரெயினிங்கிற்காக பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். அங்கே லேத்தில் கடையும் ஷாஃப்ட்டுகள் நிறைய ரிஜெக்ட் ஆயின. 50 பீஸுக்கு ஒரு தடவைதான் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் டூல் தேய்ந்து, ஷாஃப்ட்டின் விட்டம் கூடிவிடும். 15 பீஸுக்கு ஒரு தடவை பார்த்தால் முன்னாடியே பிடித்துவிடலாம் என்று நான் கண்டுபிடித்தேன். கடைசி நாள், தமிழ் தெரியாத மேனேஜர் முன்னால் அதை ஆங்கிலத்தில் சொல்லணும்.

ராத்திரி முழுக்க மூன்று பக்கம் மனப்பாடம் செய்தேன். மூன்றாவது வரியிலேயே மறந்துபோச்சு. தட்டுத் தடுமாறி ‘ஃபிஃப்டீன்’ என்றேன். அவர் காதில் ‘ஃபிஃப்டி’ என்று விழுந்தது. “அதைத்தானே இப்போதும் செய்கிறோம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா அன்று ஆசையாகக் கேட்டார்: “என்னப்பா, இங்கிலீஷ்ல பேசினியா?” நான் பதில் சொல்லவில்லை. சரியான விஷயம் தெரிந்தும் அது என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டதே என்பதுதான் வருத்தம்.

அதற்குப் பிறகு எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டும், நானே பேசிப் பார்த்தும் தெரிந்துகொண்டவை இவை:

1. முடிவை முதலில் சொல்லுங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். அதே பழக்கத்தில் காரணங்களை எல்லாம் அடுக்கிவிட்டு, முடிவைக் கடைசிக்கு வைக்கிறோம். அதற்குள் கேட்பவர் களைத்துவிடுகிறார். ‘வீ ஷுட் செக் எவ்ரி ஃபிஃப்டீன் பீசஸ்’ என்று ஆரம்பித்துவிட்டு, பிறகு ஏன் என்று சொல்லலாம்.

2. முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வார்த்தை விட்டால் எல்லாம் போச்சு! முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் மட்டும் போதும். நடுவில் உள்ளதற்குக் குறிப்புச் சொற்களை ஒரு சின்ன அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். வாக்கியங்கள் சிறியதாக இருக்கட்டும்.

3. எண்களில் ஜாக்கிரதை. ‘ஃபிஃப்டீன்’ என்பதில் ‘டீன்’ என்பதை அழுத்தி நீட்டணும். ‘ஃபிஃப்டி’க்கு அழுத்தம் முதலில். கூடவே ‘ஒன் ஃபைவ்’ என்று சொல்லி, போர்டிலும் எழுதிவிடுங்கள். வெளிநாட்டவர் இருந்தால் லட்சம் புரியாது. ‘ஹண்ட்ரட் தௌஸண்ட்’ என்று சொல்லணும்.

4. பொருளைக் காட்டுங்கள். தேய்ந்த டூலையும் புது டூலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பாதி ஆங்கிலம் மிச்சம்! சிலைடைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்காதீர்கள்.

5. கேள்விக்குப் பயப்படாதீர்கள். புரியாவிட்டால் ‘டூ யூ மீன்...’ என்று ஆரம்பித்து, நமக்குப் புரிந்ததை நம் வார்த்தையில் திருப்பிக் கேட்கலாம். விடை தெரியாவிட்டால் ‘ஐ வில் செக் அண்ட் டெல் யூ’. சொன்னபடி போய்ச் சொல்லவும் வேண்டும்.

வள்ளுவர் ‘அவை அஞ்சாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தாய்மொழியில் பேசுபவருக்கே அவை பயம் உண்டு என்றால், நமக்கு வருவதில் என்ன வெட்கம்?

இந்த ஆண்டு துறை செமினாரில் அதே ஷாஃப்ட் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். இரண்டு இடத்தில் இலக்கணம் தப்பு. ஆனால் ‘15’ எல்லோருக்கும் புரிந்தது. அன்று வீட்டுக்குப் போனதும், அப்பா கேட்கும் முன்பே நானே சொல்லிவிட்டேன்.

நண்பர்களே, ஹாஸ்டல் மொட்டை மாடி சாயங்காலம் சும்மாதான் கிடக்கிறது. வாருங்கள், பேசிப் பழகுவோம்!

– இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவன்